பிள்ளையின் மஞ்சள் இரண்டு கிழமை தாண்டினால்: காரணத்தை எப்படித் தேடுகிறார்கள்?

பிறந்து மூன்றாம் நாள் பிள்ளை மஞ்சளாகிறது. வைத்தியசாலையில் லைற்றுக்குக் கீழே வைக்கிறார்கள், குறைகிறது, வீட்டுக்கு விடுகிறார்கள். இதுவரைக்கும் பல குடும்பங்களுக்குப் பழகிய கதைதான். இருபதாம் நாளிலும் கண் வெள்ளையில் மஞ்சள் நின்றால்தான் குழப்பம் தொடங்குகிறது. அம்மம்மா, "தாய்ப்பால் மஞ்சள், தானாய்ப் போயிடும்" என்கிறார். மருத்துவமாது, "ஒருக்கா கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்கிறார். காட்டப் போனால் ஒரு பிள்ளையைப் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; பார்வைக்கு அதே அளவு மஞ்சளாயிருக்கும் இன்னொரு பிள்ளையை அன்றைக்கே வார்ட்டில் மறித்து, கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

இந்த வித்தியாசம் எதனால், எந்த வரிசையில் காரணத்தைத் தேடுகிறார்கள், அதில் வீட்டாரின் பங்கு என்ன என்பதைத் திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்களை மனதில் வைத்து இங்கே பார்க்கலாம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடாமல் நிற்கும் மஞ்சளில், எவ்வளவு மஞ்சள் என்பதைவிட எந்த வகை மஞ்சள் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையிலும், பிள்ளையின் மலத்தின் நிறத்திலும் கிடைக்கிறது. இரண்டையும் காலம் தாழ்த்தாமல் பார்க்க வேண்டும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

இரத்தத்தின் சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது அவற்றிலுள்ள ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. பெரியவர்களின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் இருக்கும். புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் சிவப்பணுவுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு, எண்ணிக்கையோ கூடுதல். ஆகவே பிலிரூபினும் நிறைய உண்டாகும்.

முதலில் உண்டாகும் பிலிரூபின் தண்ணீரில் கரையாது. மூத்திரத்தில் போகவும் முடியாது. கல்லீரல் அதைப் பிடித்து, ஒரு நொதியின் உதவியால் இன்னொரு பொருளுடன் இணைத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றுகிறது. இணைக்கப்படும் முன் உள்ளதை 'இன்டைரக்ட்' என்றும், இணைக்கப்பட்ட பிறகு உள்ளதை 'டைரக்ட்' என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். டைரக்ட் பிலிரூபின் பித்தநீரோடு சேர்ந்து பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கும். மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான்.

பிறந்த பிள்ளையின் கல்லீரலில் அந்த நொதி இன்னும் முழு வேகத்தில் வேலை செய்யாது. அதனால்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் வந்து, நாலு ஐந்து நாளில் உச்சம் தொட்டு, அதன் பிறகு இறங்குகிறது. (பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் வரும் மஞ்சள் இந்தக் கணக்கில் சேராது. அது எப்போதும் உடனே பார்க்க வேண்டியது.)

எத்தனை நாளானால் 'நீடித்த' மஞ்சள்

நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாளும், 37 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைக்கு 21 நாளும் எல்லை. அதைத் தாண்டியும் மஞ்சள் தெரிந்தால் அது நீடித்த மஞ்சள். காரணம் தேட வேண்டும். இந்தத் தேடலில் அகப்படுவது பெரும்பாலும் பயமில்லாத காரணம்தான். ஆனால் தேடிப் பார்த்த பிறகுதான் பயமில்லை என்று சொல்ல முடியும்.

வீட்டில் பார்க்கும்போது மஞ்சள் நிற பல்ப் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகலில், யன்னலோரத்தில், பிள்ளையின் மூக்கு நுனியையோ நெற்றியையோ விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் அழுத்திய இடம் வெளிறும். அங்கே மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். நம்முடைய பிள்ளைகள் பலருக்குத் தோல் நிறம் கூடுதல் என்பதால் தோலில் தெரியாமலே போகலாம். கண் வெள்ளையையும் வாயிலுள்ள முரசையும் (ஈறையும்) பார்ப்பது நம்பகமானது. அதேநேரம், எவ்வளவு மஞ்சள் என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. அனுபவமுள்ள தாதியும் வைத்தியரும்கூட அதில் தவறுவார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டாவது எண்

இரத்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மொத்த பிலிரூபினை. போன கிழமை 14, இந்தக் கிழமை 9, குறைந்துவிட்டது, சந்தோஷம் என்று போய்விடுகிறோம். நீடித்த மஞ்சளில் கண் போக வேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கும் டைரக்ட் பிலிரூபின்.

ஒரு கணக்குக்கு இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 20 நாள்.

1. முதல் பிள்ளைக்கு மொத்தம் 12 மில்லிகிராம், டைரக்ட் 0.5.
2. இரண்டாவது பிள்ளைக்கு மொத்தம் 7 மில்லிகிராம், டைரக்ட் 4.

பார்வைக்கு முதல் பிள்ளைதான் கூடுதல் மஞ்சள். ஆனால் அதன் கல்லீரலும் பித்தக்குழாயும் வேலை செய்கின்றன. இணைக்க வேண்டிய சுமை கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளையின் கல்லீரல் பிலிரூபினை இணைத்துவிட்டது, ஆனால் அது குடலுக்கு இறங்காமல் இரத்தத்துக்கே திரும்பி வருகிறது. பித்தம் தேங்குகிறது என்று அர்த்தம். இதைப் பித்தத் தேக்கம் என்பார்கள். இது எந்த வயதிலும் இயல்பானதல்ல.

எல்லை என்ன? ஒரு டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல், அதாவது ஒரு லீற்றருக்கு 17 மைக்ரோமோலுக்கு மேல் டைரக்ட் இருந்தால் அதை இயல்புக்கு மேலானதாகவே குழந்தைக் கல்லீரல் வைத்தியர்கள் எடுக்கிறார்கள். பிரித்தானிய வழிகாட்டலில் 25 மைக்ரோமோல் தாண்டினால் சிறப்பு வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்றிருக்கிறது. நம்முடைய ஆய்வுகூடங்களில் சில மில்லிகிராமிலும் சில மைக்ரோமோலிலும் எழுதும். ஒரு மில்லிகிராம் 17 மைக்ரோமோல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடலாம். 12 என்று ஒரு தாளிலும் 205 என்று இன்னொரு தாளிலும் பார்த்துப் பதறிப்போகும் தகப்பன்மார் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான்.

ஆகவே வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தால் 'மொத்தமும் டைரக்டும் இரண்டும் வேண்டும்' என்று கேட்டு எடுங்கள். மொத்தம் மட்டும் எடுத்த ரிப்போர்ட், 14 நாள் தாண்டிய பிள்ளைக்கு அரைகுறை ரிப்போர்ட்.

மலமும் மூத்திரமும்

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, காசும் தேவையில்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலம் கடுகு மஞ்சளாகவோ, சிலசமயம் பச்சையாகவோ இருக்கும். இரண்டும் சரி. பித்தம் இறங்காத பிள்ளையின் மலம் வெளிறிப்போகும்: சுண்ணாம்பு வெள்ளை, சாம்பல், களிமண் நிறம், அல்லது கஞ்சியில் துளி மஞ்சள் கலந்தாற்போன்ற வெளிர் நிறம். கடைசியாகச் சொன்னதுதான் ஆட்களை ஏமாற்றும். 'வெள்ளை இல்லையே, கொஞ்சம் மஞ்சள் இருக்கே' என்று விட்டுவிடுவார்கள். இரத்தத்தில் பிலிரூபின் கூடியிருக்கும்போது குடலின் உட்படையிலிருந்தே கொஞ்சம் நிறம் மலத்தில் ஒட்டும். ஆகவே வெளிர் மஞ்சளும் சந்தேகத்துக்குரியதுதான். ஒருநாள் வெளிறி, மறுநாள் நிறமாக வரவும் கூடும். அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை மலத்தைப் பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்தியரிடம் காட்டலாம், ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முடிந்தால் அழுக்கான துணியையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வைத்தியர் அருவருக்க மாட்டார். அவருக்கு அதுதான் பெரிய தடயம்.

மூத்திரம் அடுத்தது. பால் மட்டும் குடிக்கும் சின்னப் பிள்ளையின் மூத்திரம் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும், வெள்ளைத் துணியில் கறை விழாது. டைரக்ட் பிலிரூபின் தண்ணீரில் கரையும் என்பதால் அது கூடினால் மூத்திரத்தில் வெளியேறும். துணியில் மஞ்சள் கறை நிற்கும், கழுவினாலும் லேசாய்த் தெரியும். பம்பர்ஸ் கட்டும் பிள்ளைக்கு இது தெரியாமலே போகிறது, உள்ளே இருக்கும் ஜெல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். மஞ்சள் விடாத பிள்ளைக்கு இரண்டு நாளாவது வெள்ளைத் துணி கட்டிப் பாருங்கள்.

யப்பானிலும் தாய்வானிலும் எந்த நிற மலம் சரி, எது சந்தேகம் என்று படத்தில் காட்டும் மல நிற அட்டையைப் பெற்றோர் கையிலேயே கொடுக்கிறார்கள். தாய்வான் அதை 2004இல் நாடு முழுவதற்குமாக்கியது. ஒரு தாய் அட்டையை வைத்து ஒப்பிடுவதாலேயே, பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளைகள் சத்திரசிகிச்சைக்கு முந்தி வரத் தொடங்கின.

டைரக்ட் குறைவாக இருந்தால் தேடப்படும் காரணங்கள்

இன்டைரக்ட் மட்டும் கூடியிருக்கிறது என்றால் இரண்டு வழி: சிவப்பணு கூடுதலாக உடைகிறது, அல்லது கல்லீரல் இணைப்பதில் தாமதம். வைத்தியர் இந்த வரிசையில் யோசிப்பார்.

1. பால் போதுமா? பிறந்த எடை இரண்டு கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டதா, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பால் குறைந்தால் மலம் குறையும், குடலில் நிற்கும் பிலிரூபின் மறுபடி இரத்தத்துக்கு ஏறும். இதற்குத் தீர்வு பால் கொடுக்கும் முறையைத் திருத்துவது, தண்ணீர் கொடுப்பதல்ல.

2. இரத்த வகைப் பொருத்தமின்மை. தாய் 'ஓ' வகை, பிள்ளை 'ஏ' அல்லது 'பி'; அல்லது தாய் ஆர்.எச். நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ். முழு இரத்த எண்ணிக்கை, இரத்தப் படம், தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை ஆகியவை இதற்கு.

3. ஜி6பிடி குறைபாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறப்பிலேயே குறைவாக இருப்பது இது. மலேரியா நீண்டகாலம் இருந்த பிரதேசங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை இலங்கை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றது, ஆனால் அதற்கு முந்திய தலைமுறைகளில் திருகோணமலை உட்பட உலர்வலயத்தை மலேரியா வாட்டியது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது. தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவதால், தாய்மாமனுக்கு ஏதாவது மருந்து குடித்ததும் மூத்திரம் கறுத்து, உடம்பு வெளிறிய கதை உண்டா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. பூச்சி உருண்டை, அதாவது நப்தலீன் போட்டு அலுமாரியில் வைத்த உடுப்பும் தொட்டில் சேலையும் இந்தப் பிள்ளைகளின் சிவப்பணுவை உடைக்கும். அண்ணன்மார் போட்ட பிள்ளை உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பூச்சி உருண்டை வாசம் இருந்தால் அதைப் போடாதீர்கள், உருண்டையையும் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். இன்னொன்று: சிவப்பணு நிறைய உடைந்த நேரத்தில் ஜி6பிடி பரிசோதனை பொய்யாக 'இயல்பு' என்று காட்டலாம், புதிதாய் வந்த இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால். சந்தேகம் வலுவாக இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

4. தைரொயிட் சுரப்பு பிறப்பிலேயே குறைவு. மஞ்சள் விடாதிருப்பதே இதன் முதல் அடையாளமாக இருக்கலாம். மலச்சிக்கல், தூங்கியபடி இருத்தல், தொப்புள் தள்ளியிருத்தல், நாக்கு பெரிதாயிருத்தல் பிறகுதான் தெரியும். காலந்தாழ்த்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கும். நேரத்துக்குக் கண்டால் நாளுக்கொரு தைரொக்சின் மாத்திரையில் பிள்ளை சாதாரணமாய் வளரும். பிறந்த பிறகு குதியில் குத்தி எடுத்த இரத்தத் துளியின் முடிவு வந்ததா என்று விசாரியுங்கள். அது நல்லபடி வந்திருந்தாலும் நீடித்த மஞ்சளில் மறுபடி பார்ப்பதில் தவறில்லை, சில வகைகள் முதல் பரிசோதனையில் அகப்படாது.

5. மூத்திரத் தொற்று. காய்ச்சல் இல்லாமலே மஞ்சளாய் மட்டும் வெளிப்படலாம். மூத்திரம் கல்ச்சருக்கு எடுப்பது இதற்காகத்தான். இது டைரக்ட் கூடவும் காரணமாகலாம்.

6. கல்லீரலின் இணைக்கும் நொதியில் பரம்பரைக் குறைபாடு. அரிது. மச்சான் மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் கலியாணம் முடித்த குடும்பங்களில் இதையும் மனதில் வைப்பார்கள்.

இவ்வளவும் இல்லை, பிள்ளை நன்றாய்க் குடிக்கிறது, எடை ஏறுகிறது, மலம் நிறமாய் இருக்கிறது, டைரக்ட் குறைவு என்றால், அப்போதுதான் தாய்ப்பால் மஞ்சள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். தாய்ப்பாலில் உள்ள சில பொருட்கள் பிலிரூபின் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. நீடித்த மஞ்சளுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், 12 கிழமை வரைக்கும்கூட இழுபடலாம். பாலை நிறுத்தத் தேவையில்லை. அம்மம்மா சொன்னது பல தடவை சரியாகத்தான் இருக்கும். ஆனால் 'தாய்ப்பால் மஞ்சள்' என்பது மற்றவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் முடிவு, பார்த்தவுடன் சொல்லும் முடிவல்ல.

நம் நாட்டில் பேசப்படும் தலசீமியா பற்றியும் கேட்கிறார்கள். அதன் கடுமையான பீட்டா வகை பிறந்து சில மாதம் கழித்து இரத்தச் சோகையாகத்தான் தெரியவரும். மூன்று கிழமை மஞ்சளுக்கு அது வழமையான காரணமல்ல.

டைரக்ட் கூடியிருந்தால்

இங்கே வேகம் மாறுகிறது. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் வார்ட்டில் அனுமதித்து, பல பரிசோதனைகளை ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஒன்று முடிந்து மற்றது என்று போனால் நாள் போய்விடும்.

1. உடனே திருத்தக்கூடியவை முதலில். இரத்தம் உறையும் நேரம், சீனி அளவு, கிருமித் தொற்று. பித்தம் குடலுக்கு வராவிட்டால் விட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையாது. பிறந்தபோது ஊசி போட்டிருந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி கொடுக்கிறார்கள். மூக்கில், தொப்புளில், ஊசி குத்திய இடத்தில் நிற்காமல் இரத்தம் கசிந்தால் அது மூளைக்குள் இரத்தம் கசிவதற்கு முந்திய எச்சரிக்கையாக இருக்கலாம்.

2. கலக்டோசீமியா. பாலிலுள்ள ஒரு சீனியைப் பிள்ளையால் கையாள முடியாத பரம்பரை நோய். வாந்தி, எடை ஏறாமை, கண்ணில் புரை, கடுமையான தொற்று. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் அரிதான சந்தர்ப்பங்களில் இது ஒன்று. வைத்தியர் சொன்னால் மட்டும்.

3. கர்ப்பத்தில் வந்த தொற்றுகள். சைட்டோமெகலோ வைரஸ், சிபிலிஸ் போன்றவை. தாயின் கிளினிக் கொப்பியில் சிபிலிஸுக்கான வீ.டி.ஆர்.எல். பரிசோதனையின் முடிவு இருக்கும், கட்டாயம் கொண்டுபோங்கள்.

4. கல்லீரல் நொதிகள். ஜீ.ஜீ.டி. என்ற அளவு பித்தக்குழாய் அடைப்பில் வழமையாகக் கூடும். டைரக்ட் கூடியும் ஜீ.ஜீ.டி. கூடாமல் இருந்தால் சில பரம்பரைக் கல்லீரல் நோய்களின் பக்கம் யோசிப்பார்கள்.

5. வயிற்று ஸ்கான். சில மணித்தியாலம் பால் கொடுக்காமல் வைத்துத்தான் எடுக்க வேண்டும், குடித்தவுடன் பித்தப்பை சுருங்கிவிடும். பசியில் அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பது தாய்க்குக் கஷ்டம்தான், ஆனால் இடையில் பால் கொடுத்துவிட்டால் பித்தப்பை தெரியவில்லை என்ற முடிவை நம்ப முடியாது. ஸ்கான் சாதாரணமாய் வந்தது என்பதற்காகப் பித்தக்குழாய் அடைப்பு இல்லை என்றும் ஆகாது.

6. இதயம், கண், முதுகெலும்பு. இதயத்தில் முணுமுணுப்பு, வண்ணத்துப்பூச்சி வடிவ முள்ளெலும்பு, கண்ணின் ஓரத்தில் ஒரு வளையம் சேர்ந்து இருந்தால், கல்லீரலுக்குள் பித்தக்குழாய்கள் குறைவாயிருக்கும் அலஜில் என்ற பரம்பரை நோயை யோசிப்பார்கள். கல்லீரல் நோய்க்கு ஏன் கண் வைத்தியரிடம் அனுப்பினார்கள் என்று குழம்பும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

7. கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. கடைசியாக, சத்திரசிகிச்சை மேசையிலேயே பித்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது; முடிவான பதில் அதில்தான்.

லைற் சிகிச்சை இங்கே உதவாது. அது இன்டைரக்ட் பிலிரூபினுக்கானது. பித்தத் தேக்கமுள்ள பிள்ளையை லைற்றுக்குக் கீழே வைத்தால் தோல் செம்புக் கறுப்பாக மாறலாம். 'அப்போ ஏன் முதல் கிழமை லைற் வைத்தார்கள், இப்போது ஏன் வைக்கவில்லை' என்ற கேள்விக்கு விடை இது.

பிலியரி அட்ரீசியாவும் 60 நாளும்

மேலே சொன்ன அவசரத்துக்கெல்லாம் பெரிய காரணம் ஒரு நோய். பிலியரி அட்ரீசியா என்பது கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய்கள் அழற்சியால் இறுகி அடைபட்டுப்போவது. கந்தளாய்க் குளம் நிரம்பி நின்றும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் வயல் காயும், குளக்கட்டு நோகும். அதுபோல இங்கே குடல் பித்தமில்லாமல் காய்கிறது, கல்லீரல் பித்தத்தில் ஊறிக் கெடுகிறது. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று, தாய்வானில் அதைவிடக் கூடுதல். அரிய நோய்தான். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் தொடக்கத்தில் பிள்ளை நோயாளி மாதிரியே இருக்காது. பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறும். மஞ்சளும் மலத்தின் வெளிறலும் தவிர வேறு அடையாளமில்லை. அதனால்தான் 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது.

யப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார். இறுகிப்போன குழாய்களை வெட்டி எடுத்து, பிள்ளையின் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாசலில் நேரே தைப்பது. கல்லீரலுக்குள் திறந்திருக்கும் நுண்ணிய குழாய்களிலிருந்து பித்தம் அதற்குள் வடியும். 60 நாளுக்கு முன் செய்தால் பித்தம் வடிந்து மஞ்சள் தெளியும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அதற்கும் முந்தினால் இன்னும் நல்லது. நாள் போகப் போக கல்லீரல் தழும்பாகிவிடும், சத்திரசிகிச்சை செய்தும் பலனில்லாமல் கல்லீரல் மாற்று மட்டுமே மிஞ்சும்.

31ஆம் நாளும் 40ஆம் நாளும்

60 நாள் என்றால் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். கழித்துப் பாருங்கள். 14 நாள் வரை யாரும் கேட்க மாட்டார்கள். சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வெளியே போவதில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் 40 நாள். 31ஆம் நாள் பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர் யாராவது கண்ணைப் பார்த்துவிட்டு 'இன்னும் மஞ்சளாயிருக்கே' என்று சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். 'இரண்டாம் மாத ஊசிக்குக் கொண்டு போகத்தானே வேணும், அப்ப காட்டுவம்' என்று இன்னொருவர் சொல்வார். அந்த ஊசி நாளும் 60ஆம் நாளும் ஒன்றுதான்! அதற்குப் பிறகு பரிசோதனைகள், மாற்றி அனுப்புதல், சத்திரசிகிச்சைக்குத் திகதி.

துடக்குக் காப்பதைப் பிழை சொல்ல வேண்டியதில்லை. தாய்க்கு ஓய்வும் பிள்ளைக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்பும் அதில் கிடைக்கிறது. ஆனால் வைத்தியசாலைக்குப் போவதற்கு அது தடையல்ல என்று வீட்டில் மூத்தவர்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் மகள்மாரால் வெளிக்கிட முடியும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் துணியிலிருக்கும் மலத்தைக் காட்டுவது அதைவிட இலகு. அவர் வரும் நாளில் அந்தத் துணியைத் துவைக்காமல் வைத்திருங்கள்.

வீட்டு வைத்தியங்கள்

காலை வெயிலில் பிடிப்பது நீடித்த மஞ்சளுக்குச் சிகிச்சையல்ல. திருகோணமலை வெயிலில் சின்னப் பிள்ளைக்குத் தோல் எரியும், உடம்பில் நீர் குறையும். குளுக்கோஸ் தண்ணீரும் கொத்தமல்லித் தண்ணீரும் பாலுக்கான வயிற்றை நிரப்பிவிடும், மஞ்சளைக் குறைக்காது. தாய் மஞ்சள் போட்ட சரக்குக் கறி சாப்பிடுவதால் பிள்ளை மஞ்சளாவதில்லை. தாயின் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். பெரியவர்களின் செங்கமாரிக்கு அரைத்துக் கொடுக்கும் கீழ்க்காய்நெல்லியைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கு வரும் வைரஸ் செங்கமாரியும் இதுவும் வேறு வேறு.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

மூதூர், கிண்ணியா, கந்தளாய் தள வைத்தியசாலைகளில் எதுவானாலும், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையானாலும் முதல் படி ஒன்றுதான்: பிள்ளைகள் பிரிவில் காட்டி, மொத்தமும் டைரக்டும் பார்ப்பது. வெருகல், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமிருந்து வருவோர் பஸ் நேரத்தைப் பார்த்து இரண்டு தரம் அலையாமல், முதல் நாளே எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

1. பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, எடைக் குறிப்போடு.
2. பிறந்த வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட். விட்டமின் கே போட்டதா, லைற் வைத்ததா என்பது அதில் இருக்கும்.
3. தாயின் கிளினிக் கொப்பி, இரத்த வகையோடு.
4. முந்திய இரத்த ரிப்போர்ட் எல்லாம், பழையதென்று எறியாமல்.
5. மலம் பட்ட துணி அல்லது பகலில் எடுத்த படம்.
6. முந்திய பிள்ளைகளுக்கு மஞ்சள் நீடித்ததா, சொந்தத்தில் யாருக்காவது மண்ணீரல் எடுத்ததா, சின்ன வயதில் கல்லீரல் நோயால் பிள்ளை இறந்ததா என்ற விபரம்.

சில அடையாளங்களுக்குப் பகல் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: பால் குடிக்க மறுத்தல், எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சல், பச்சை வாந்தி, முதுகு வளைந்து கீச்சிட்டு அழுதல், வலிப்பு, எங்கிருந்தாவது இரத்தக் கசிவு. 1990 அம்புலன்ஸை அழைக்கலாம்.

பித்தத் தேக்கம் என்று உறுதியானால் பிள்ளைச் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பேராதனை சிறுவர் வைத்தியசாலை போன்றவை அப்படிப்பட்டவை. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அவ்வளவு தூரம், வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, சிங்களத்தில் எப்படிப் பேசுவது என்ற யோசனையில் ஒரு கிழமை தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த யோசனை நியாயமானது. அதை வார்ட்டிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள், வைத்தியசாலைக்கு வைத்தியசாலை பேசி ஒழுங்குபடுத்தினால் அலைச்சல் குறையும். புறப்படும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: இரத்தம் உறையும் நேரம் பார்த்தாயிற்றா, விட்டமின் கே ஊசி போட்டாயிற்றா. வழியில் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியிருந்தாலொழிய, கேட்கும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள்.